கருத்தக்கண்ணன் கொடுத்த லைன்

வாடிப்பட்டிக் கருத்தக்கண்ணனுக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. பேச்சில் குறையொன்றும் கிடையாது. பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை பக்கத்து சீட்டுக்காரரோடு பேசிக்கொண்டே வருகிறவர்தான். அந்த ஒரு சொல் மட்டும் தொண்டையிலேயே தங்கிவிடும். கல்யாணப் பந்தியில் மூன்றாம் தடவை பாயசம் கொண்டுவருகிறவரின் மனசு நோகக்கூடாது என்று குடித்து வைத்துவிட்டு, மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு லீவு சொல்கிற ஆள்.

1994இல் பிளஸ் டூ முடித்த கையோடு முத்திருளனிடம் கேபிள் டிவி வேலைக்குச் சேர்ந்தார். முத்திருளன் தன் வீட்டு மாடியறையில் டிஷ்ஷும் பெட்டிகளும் வைத்து ஊருக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த அறைக்கு மெயின் என்று பெயர். அங்கிருந்து புறப்படும் ஒயரை ஏணியும் தோளுமாகத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போய், கம்பத்தில் ஏறி வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது கருத்தக்கண்ணனின் வேலை.

ஏணியோடு போகிறவரை வாசலில் மறித்து, "ஏப்பா, அடுத்த வீட்டுக்குத்தான் லைன் இருக்குல்ல, அதுலருந்து எங்களுக்கும் ஒரு துண்டு இழுத்து விடேன்" என்று யாராவது கேட்டால் போதும், மறுபேச்சில்லாமல் ஏறிவிடுவார். ஒரு லைனுக்கு ஒரு வீடுதான் என்று முத்திருளன் நூறு தடவை சொல்லியிருக்கிறார். கருத்தக்கண்ணனும் நூறு தடவை தலையாட்டியிருக்கிறார். ஆனால் அவர் மனசுக்கு இதில் ஒரு தப்பும் தெரியவில்லை. இந்த வீட்டில் படம் பார்த்தால் அந்த வீட்டில் படம் தீர்ந்தா போய்விடும்? திரையில் கொஞ்சம் புள்ளி தட்டும், அவ்வளவுதானே. இப்படியாக முத்திருளன் லைன் கொடுத்தது நூற்றுப்பத்து வீட்டுக்கு, ஊரில் படம் தெரிந்தது நூற்று அறுபது வீட்டில். நடுவிலிருந்த ஐம்பது வீடும் கருத்தக்கண்ணனின் நல்ல மனசு.

நல்ல மனசு கூடிக்கொண்டே போனால் படம் மங்கிக்கொண்டே வரும். தெருப் பெண்கள் வாசலுக்கு வந்து அண்ணாந்து, "ஏப்பா, ஒன்னுமே தெரியலையே" என்பார்கள். கம்பத்து உச்சியிலிருந்து கருத்தக்கண்ணன், "மெயின்லயே கோளாறுத்தா" என்பார். இது முத்திருளன் கற்றுக்கொடுத்த பதில். எந்தக் கேள்விக்கும் பொருந்தும். மெயின் எங்கோ மாடியில் இருக்கிறது, யாரும் ஏறிப்போய்ப் பார்க்கப்போவதில்லை. அந்தப் பதிலை முத்திருளனைவிட அழகாக, முகத்தில் ஒரு வருத்தத்தோடு சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார் கருத்தக்கண்ணன்.

1997இல் மூன்றாவது தெருவில் ராக்கம்மாள் வீட்டுக்குப் புதிதாக டிவி வந்தது. லைன் இல்லை. ராக்கம்மாளின் அப்பா கேட்டார். அவர் கேட்காவிட்டாலும் கருத்தக்கண்ணன் கொடுத்திருப்பார். ராக்கம்மாள் வாசலில் நின்றிருந்தாள். அன்றைக்குப் பார்த்து, ஊரே ஒரு வருஷமாகப் பார்த்துவந்த ஒரு தொடருக்குக் கடைசிப் பாகம். புகுந்த வீட்டை விட்டுப் போன பெண் திரும்பி வருவாளா மாட்டாளா என்று தெருவே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. கருத்தக்கண்ணன் ராக்கம்மாள் வீட்டுக்கு லைனை முறுக்கினதும் அந்த ஒரு வீட்டில் படம் பளிச்சென்று வந்தது, மற்ற வீடுகளிலெல்லாம் ஒரேயடியாகப் போய்விட்டது. எதிர்வீட்டுச் சோணையம்மாள் கையில் கரண்டியோடு ஓடிவந்து, "அடேய், அவ வந்தாளா இல்லையாடா!" என்று கத்தினாள். "மெயின்லயே கோளாறுத்தா" என்றார் கருத்தக்கண்ணன், ராக்கம்மாள் வீட்டுச் சன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த வருஷம் ராக்கம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தத் தொடர் மறுபடி ஒளிபரப்பாகவே இல்லை.

கேபிள் வேலையில் எத்தனை நாள் கம்பம் ஏறுவது என்று, மதுரையில் சாயங்கால வகுப்பில் நெட்வொர்க்கிங் படித்தார். 2003இல் காளவாசல் பக்கம் பைபாஸ் ரோட்டில் இருந்த ஒரு கம்பெனியில் ஒயர் இழுக்கிற வேலைக்குப் போனவர், ஐந்து வருஷத்தில் சிஸ்டம் அட்மின் ஆகிவிட்டார். வெளிநாட்டுப் பதிப்பாளர்களின் பாடப்புத்தகங்களுக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்து அனுப்புகிற கம்பெனி அது. வாடிப்பட்டியில் அதற்குப் பெயர் 'புக்குக் கம்பெனி'. ஊருக்குள் கருத்தக்கண்ணன் புத்தகம் எழுதுவதாக ஒரு பேச்சும் உலவியது. அதையும் அவர் இல்லை என்று சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் கம்பெனியில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. வரிசையாக நின்ற பழைய சர்வர்களை எடுத்துவிட்டு, குளுகுளு அறையில் இரண்டே இரண்டு பெட்டிகளை வைத்தார்கள். ஒரு பெட்டிக்குள் ஆறு மெஷின்கள் ஓடும். ஆறும் கண்ணால் பார்க்கக்கூடிய மெஷின்கள் அல்ல; இருப்பதாக ஒரு மென்பொருள் நடத்துகிற பாவனை. இன்னொரு பெட்டி முழுக்க டிஸ்க். அந்த டிஸ்க் இடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, நெட்வொர்க் ஒயர் வழியாக ஒவ்வொரு மெஷினுக்கும் மாட்டிவிட வேண்டும். மாட்டிவிட்டால் அந்தத் துண்டு தன் வயிற்றுக்குள்ளேயே இருப்பதாக அந்த மெஷின் நம்பிவிடும்.

மேனேஜர் கிரிதரன் இதற்காகச் சென்னைக்குப் போய் மூன்று நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு, தடித்த ஃபைல் ஒன்றோடு திரும்பியிருந்தார். ஃபைல் புரிந்த மாதிரித் தெரியவில்லை. ஒருநாள் கருத்தக்கண்ணன் வெள்ளைப் பலகையில் ஒரு காம்பவுண்டு வீட்டை வரைந்தார்.

"சார், இது ஒரு காம்பவுண்டு. உள்ள ஆறு குடித்தனம். டிஸ்க்குப் பெட்டிதான் மெயின். நடுவுல போறது லைன். எந்த வீட்டுக்கு வேணுமோ அந்த வீட்டுக்கு லைன இழுத்து விட்டா முடிஞ்சுச்சு."

கிரிதரன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் பயிற்சியில் விளங்காதது மூன்று நிமிடத்தில் விளங்கியதைக் காட்டிக்கொள்ளாமல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஃபைலில் கோடிட்டு வைத்திருந்த வரியைப் படித்தார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க கண்ணன். ஒரு டிஸ்க்கை ஒரே ஒரு மெஷினுக்குத்தான் மாட்டணும்."

"சரிங்க சார்" என்று கருத்தக்கண்ணன் தலையாட்டினார். ஒரு லைனுக்கு ஒரு வீடு. பதினாலு வருஷமாகத் தலையாட்டிப் பழகின விஷயம்தானே.

2008இல் ஒரு பெரிய மருத்துவப் புத்தகம் வந்தது. அறுபத்திரண்டு சாப்டர். பக்கம் அமைக்கிற இருபது பேருக்கு ரம்யாஸ்ரீ பொறுப்பு. மதுரைப் பெண். வீட்டில் சௌராஷ்டிரம், ஆபீசில் தமிழ், பதிப்பாளரின் மின்னஞ்சலுக்கு இங்கிலீஷ், மூன்றிலும் கறார். அமைத்த பக்கங்களைப் பிழை பார்த்துத் திருத்துகிற பன்னிரண்டு பேருக்கு இம்மானுவேல் பொறுப்பு. இந்தப் புத்தகம் சொன்ன தேதிக்குப் போனால்தான் அடுத்த புத்தகம் வரும், வராவிட்டால் ரம்யாஸ்ரீயின் இருபது பேருக்கும் அங்கே வேலை இல்லை. இது எல்லாருக்கும் தெரியும். ரம்யாஸ்ரீ பதினோரு வாரமாக ஞாயிற்றுக்கிழமை பார்க்காமல் உழைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் எட்டு நாள்தான் பாக்கி என்கிற நிலைமை.

புத்தகம் இருந்த டிஸ்க் துண்டு, பெட்டிக்குள் ஓடிய ஆறில் ரம்யாஸ்ரீக்குக் கொடுத்திருந்த மெஷினில் மாட்டியிருந்தது. இம்மானுவேலின் ஆட்கள் அவளுடைய மெஷினைத் தாண்டித்தான் அதற்குள் போக வேண்டும். அதனால் எல்லாம் மெதுவாக நடந்தது. வியாழக்கிழமை காலை இம்மானுவேல் கருத்தக்கண்ணனின் மேஜைக்கு வந்து நின்றார்.

"அண்ணே, ஒரு சாப்டர் தொறக்குறதுக்குள்ள டீக்கடைக்குப் போய்ட்டு வந்துரலாம்போல இருக்குண்ணே. அடுத்த வீடு வழியாவே போகணுமா? எனக்கு நேரா ஒரு லைன் குடுங்கண்ணே."

லைன் என்ற சொல்லை இம்மானுவேல் சொல்லியிருக்கக் கூடாது. கருத்தக்கண்ணனின் கை தானாகக் கீபோர்டுக்குப் போனது. அதே டிஸ்க்கை இம்மானுவேலின் மெஷினுக்கும் மாட்டினார். வேண்டாம் என்று டிஸ்க்குப் பெட்டியாவது தடுத்திருக்கலாம். அது ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கும் இல்லை என்று சொல்ல வராதுபோல. இரண்டு மெஷினிலும் அறுபத்திரண்டு சாப்டரும் பளிச்சென்று தெரிந்தன. புள்ளிகூடத் தட்டவில்லை.

"அண்ணே, நீங்க தெய்வம்ணே" என்றார் இம்மானுவேல். கருத்தக்கண்ணனுக்கு அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் கால் வலிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ரம்யாஸ்ரீக்கும் இம்மானுவேலுக்கும் சண்டை வந்தது.

"பதினேழாவது சாப்டர்ல எட்டுப் பிழை சொன்னேன். நீங்க ஒண்ணுகூடத் திருத்தலை" என்றாள் ரம்யாஸ்ரீ.

"எட்டையும் திருத்திட்டேங்க. என் ஸ்க்ரீன்ல வந்து பாருங்க. நீங்கதான் இருபதாவது சாப்டர் முடிச்சிட்டேன்னு சொல்லி வெறும் ஃபோல்டர வச்சிருக்கீங்க."

"வெறும் ஃபோல்டரா? நேத்தே போட்டாச்சு!"

இரண்டு பேரும் சொன்னது உண்மை. அவரவர் திரையில் அவரவர் செய்தது இருந்தது, மற்றவர் செய்தது இல்லை. ஒருவர் சோம்பேறி என்று மற்றவரும், மற்றவர் புளுகுகிறார் என்று இவரும் நினைத்துக்கொண்டு, சாயங்காலம் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு காபி குடித்தார்கள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ரம்யாஸ்ரீ தன் மேஜையிலிருந்து எழுந்து நின்றாள். சிறுநீரகம் பற்றிய சாப்டரைத் திறந்திருக்கிறாள். முதல் ஒன்பது பக்கம் சிறுநீரகம். பத்தாம் பக்கத்திலிருந்து காது. காது முடிந்ததும் ஒன்றுமில்லாத வெள்ளை. அடுத்த சாப்டர் திறக்கவே மறுத்தது. அதற்கடுத்ததும்.

நடந்தது இதுதான். டிவி பார்க்கிற வீட்டுக்காரர் யாரும் படத்துக்குள் கையை விட்டு எழுத மாட்டார். மெஷின்கள் எழுதும். டிஸ்க் தனக்கு மட்டுமே சொந்தம் என்று இரண்டு மெஷினும் நம்பின. எந்த இடம் காலி, எந்த இடம் நிரம்பியது என்று இரண்டும் தனித்தனியாக மனசில் ஒரு வரைபடம் வைத்திருந்தன. ஒன்று எழுதி முடித்த இடத்தை மற்றது காலி என்று நினைத்து அதன் மேலேயே எழுதியது. ஒரே நோட்டை இரண்டு பேர், ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாமல் எழுதினால் எப்படியிருக்கும்? அப்படி இரண்டு நாளாக எழுதிக்கொண்டிருந்தன. இன்னும் எழுதிக்கொண்டிருந்தன.

கிரிதரன் டிஸ்க்குப் பெட்டியை விற்ற கம்பெனியின் சென்னை இன்ஜினீயரைப் போனில் பிடித்தார். கூடத்தில் எல்லாரும் சுற்றி நிற்க, ஸ்பீக்கரைப் போட்டார். இன்ஜினீயர் எடுத்த எடுப்பில் கேட்டது ஒரே கேள்வி.

"ஒரே டிஸ்க்க ரெண்டு மெஷினுக்கு மாட்டியிருக்கீங்களா?"

கிரிதரன் திரும்பி, "கண்ணன்?" என்றார்.

அந்தக் கணத்தில்தான் கருத்தக்கண்ணனுக்கு எல்லாம் விளங்கியது. சுற்றிலும் முப்பத்திரண்டு முகம். ரம்யாஸ்ரீயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாழ்நாளில் எவருக்கும் இல்லை என்று சொல்லாத மனிதர், சொல்லக்கூடாத ஒரே இடத்தில் அதைச் சொன்னார்.

"இல்ல சார். மெயின்லயே கோளாறு."

பழகிப்போன வருத்தம்கூட முகத்தில் சரியாக வந்து உட்கார்ந்தது. பெட்டியில்தான் கோளாறு என்றால் நேரில்தான் பார்க்க வேண்டும் என்றார் இன்ஜினீயர். ராத்திரி ரயில் ஏறி ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன், அதுவரை பெட்டிகளைத் தொடாமல் வேலை ஓடுகிறபடியே விட்டுவையுங்கள் என்று சொல்லி போனை வைத்தார்.

ஓடுகிறபடியே விட்டால் என்ன ஆகும் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். கருத்தக்கண்ணன் தன் இடத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் திரையைப் பார்த்தார். அதற்குள் இரண்டு சாப்டர் போயிற்று. சத்தமில்லாமல் இம்மானுவேலின் லைனைப் பிடுங்கிவிடலாமா? பிடுங்கினால் பன்னிரண்டு பேரும், "என்னண்ணே ஆச்சு?" என்று எழுந்து நிற்பார்கள். அதைவிட, முறைப்படி கழற்றும்போது அந்த மெஷின் தன் மனசில் இருக்கிற தப்பு வரைபடத்தைக் கடைசியாக ஒருமுறை டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் விடும். அப்புறம் மிச்சமும் போகும். எல்லாரையும் நிறுத்தச் சொல்லி ஒரே சமயத்தில் இரண்டு மெஷினையும் அணைப்பதுதான் வழி. ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும்.

எழுந்து டீக்கடைக்குப் போனார். டீயை வாங்கி வைத்துவிட்டு ராக்கம்மாளுக்குப் போன் போட்டார். அவள் வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் ஓடுகிற சத்தம் இங்கே கேட்டது.

"என்னங்க, மத்தியானத்துல போனு?"

"சும்மாதான். சாப்ட்டியா?"

"சாப்ட்டாச்சு. என்னன்னு சொல்லுங்க."

"ஆபீஸ்ல டிஸ்க்கு போயிருச்சு ராக்கு. அம்புட்டுப் பேரு வேலையும் அதுலதான் கெடக்கு. மெயின்லயே கோளாறு."

தையல் மிஷின் நின்றது.

"எந்த வீட்டுக்குக் குடுத்தீங்க?"

"என்னது?"

"யாருக்கோ லைன் குடுத்திருக்கீங்க. எந்த வீட்டுக்கு?"

"ஏய், இது கம்ப்யூட்டரு. இதப்பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"

"கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. ஒங்களத் தெரியும். அந்த நாடகத்துக்குக் கடைசி நாளு, தெருவே இருண்டு கெடக்கு, எங்க வீட்டுல மட்டும் படம் சினிமாக் கொட்டாயி மாதிரித் தெரியுது. நீங்க கம்பத்து மேல நின்னுக்கிட்டு மெயின்லயே கோளாறுங்குறீங்க. நான் அன்னிக்கே புரிஞ்சுக்கிட்டேன். சோணையம்மா அத்தை மூஞ்சியப் பாக்க முடியாம நாலு நாளு வாசப்பக்கமே போகல."

கருத்தக்கண்ணன் டீயைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆடை கட்டியிருந்தது.

"இப்ப நீங்க சொல்லாட்டி என்னாகும்?"

"மணிக்கு ரெண்டு பாடம் போகும். காலையில ஒன்னும் இருக்காது. அந்தப் புள்ள பதினோரு வாரமாச் செஞ்சது."

"சொன்னா?"

"வேல போகும்."

அந்தப் பக்கம் கத்தரிக்கோல் நூலை வெட்டுகிற சத்தம் கேட்டது.

"ஏணி கொல்லையிலதான் கெடக்கு. போய்ச் சொல்லுங்க" என்றாள் ராக்கம்மாள். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

டீக்கடையிலிருந்து ஆபீசுக்கு மாடிப்படி நாற்பத்திரண்டு. பெரிய பெரிய கம்பமெல்லாம் ஏறியவருக்கு அன்று ஒவ்வொரு படியிலும் மூச்சு வாங்கியது. கூடத்துக்குள் நுழைந்ததும், உட்கார்ந்தால் மனசு மாறிவிடும் என்று பயந்து, கதவோரத்திலேயே நின்று பேசிவிட்டார்.

"சார், மெயின்ல கோளாறு இல்ல. நான்தான் குடுத்தேன்."

"என்னத்தை?"

"இம்மானுவேலுக்கு லைன். அதே டிஸ்க்க. வியாழக்கிழமையே. எல்லாரும் கீபோர்டுல இருந்து கைய எடுங்க. ஒரு எழுத்துகூட அடிக்காதீங்க."

முப்பத்திரண்டு பேரும் கையை எடுத்தார்கள். கிரிதரன் திட்டவில்லை, சென்னைக்குப் போன் போட்டார். இன்ஜினீயரும் திட்டவில்லை. மெஷின்களை முறைப்படி நிறுத்த வேண்டாம், அப்படியே ஒரே அடியாக அணைத்துவிடுங்கள் என்றார். கருத்தக்கண்ணன் குளுகுளு அறைக்குள் போய், அங்கிருந்த கீபோர்டில் ஒரே மூச்சில் இரண்டு மெஷினையும் அணைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த இன்ஜினீயர் சாயங்காலம் வரைக்கும் தோண்டி, நாற்பத்தேழு சாப்டரை உயிரோடு எடுத்துக் கொடுத்தார். பதினைந்து போய்விட்டது. முந்தின வாரம் வரைக்கும் பிழை பார்க்கக் காகிதத்தில் எடுத்த அச்சுப்படி இருந்ததால், அதைப் பார்த்து மறுபடி அமைக்கலாம் என்றானது. ரம்யாஸ்ரீ பட்டியலை எடுத்துக்கொண்டு கருத்தக்கண்ணனிடம் வந்தாள்.

"நேத்து போன்ல கேட்டப்பவே சொல்லியிருந்தீங்கன்னா இதுல நாலு சாப்டர் பிழைச்சிருக்கும்ணா. கண்ணைப் பத்தின சாப்டரு நான் என் கையால போட்டது."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். கருத்தக்கண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்புத்தாம்மா" என்றார்.

அந்த வாரம் முழுவதும் கருத்தக்கண்ணன் கூடத்தின் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அச்சுப்படியை உரக்கப் படித்தார். மற்றவர்கள் அடித்தார்கள். மருத்துவ இங்கிலீஷ் வார்த்தைகள் வாடிப்பட்டி வாய்க்குள் புகுந்து வந்த கோலத்தைக் கேட்டு முதல் நாள் இம்மானுவேல் மேஜைக்கடியில் குனிந்து சிரித்தார். இரண்டாம் நாள் ரம்யாஸ்ரீயும் சிரித்துவிட்டாள். அப்புறம் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக் காபி குடித்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறுபத்திரண்டும் போய்ச் சேர்ந்தது.

கிரிதரன் அவரை அறைக்குக் கூப்பிட்டார். "உங்களை வீட்டுக்கு அனுப்பிடலாம்னுதான் இருந்தேன். ஆனா இந்தப் பெட்டிங்க எப்படி ஓடுதுன்னு உங்களைத் தவிர யாருக்கும் தெரியலையே" என்றார். தனக்கும் தெரியாது என்பதை ஃபைலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இனிமே இப்படி ஆகாதுங்கறதுக்கு என்ன வழி?"

வழி கருத்தக்கண்ணனிடம் இருந்தது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டில் பார்த்த வழி. தகரத்தில் வட்ட வட்டமாக டோக்கன் வெட்டி, ஒரு டிஸ்க்குக்கு ஒரே ஒரு டோக்கன் என்று நம்பர் அடித்தார். கூடத்துச் சுவரில் பலகை மாட்டி, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஆணி அடித்தார். டிஸ்க் எந்த மெஷினில் இருக்கிறதோ அந்த ஆணியில் டோக்கன் தொங்கும். டோக்கனைக் கழற்றிக்கொண்டு வந்து கையில் கொடுத்தால்தான் அடுத்த மெஷினுக்கு மாட்டுவார். அவர் மனசை அவராலேயே நம்ப முடியாததால் தகரத்தை நம்பினார்.

ஒரு மாதம் கழித்து ரம்யாஸ்ரீயே வந்தாள். "அண்ணா, அந்த நாலாம் நம்பர் டிஸ்க்கை அரை மணி நேரத்துக்கு மட்டும் என் மெஷின்லயும் மாட்டுங்களேன். யாருக்கும் தெரியாது."

கருத்தக்கண்ணனின் தொண்டை அசைந்தது. சுவரில் தொங்கிய நாலாம் நம்பர் டோக்கனைப் பார்த்தார். கூடத்தில் நான்கைந்து பேர் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"இல்ல" என்றார்.

ரம்யாஸ்ரீ சிரித்துக்கொண்டே, தனக்கு டிஸ்க்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று திரும்பிப் போனாள். அவர் இல்லை என்று சொல்வாரா மாட்டாரா என்று கட்டியிருந்த பந்தயத்தில் இம்மானுவேல் தோற்று எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாடிப்பட்டி வீட்டில் டிவி போட்டால் ஒரே புள்ளி. கருத்தக்கண்ணன் முத்திருளனுக்குப் போன் செய்தார். முத்திருளன்தான் இன்னமும் அந்த ஊருக்குக் கேபிள் நடத்துகிறார்.

"மெயின்லயே கோளாறு மாப்ள" என்றார் முத்திருளன், எடுத்த எடுப்பில்.

கருத்தக்கண்ணன் ஒருமுறை ராக்கம்மாளைப் பார்த்துக்கொண்டார். "அண்ணே, மெயின்ல இல்லண்ணே. மூணாவது தெருக் கம்பத்துல. தொண்ணூத்தேழுல ஒங்களுக்குத் தெரியாம நான் குடுத்த லைன். எங்க மாமனார் வீட்டுக்கு."

அந்தப் பக்கம் முத்திருளன் இருமினார்.

"தெரியும்டா."

"தெரியுமா?"

"நான் ஏறாத கம்பமாடா அது? மறுநாளே பாத்துட்டேன். பிடுங்கலாம்னு இருந்தப்பத்தான் அந்த வீட்டுல ஒனக்குப் பொண்ணு பேசுறாகன்னு சொன்னாக. அப்புறம் எங்கிட்டுப் பிடுங்குறது? பதினோரு வருசமா அந்தத் தெருவுக்கு மெயின்லயே கோளாறுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன், ஒன்னாலதான்."

கருத்தக்கண்ணனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கொல்லைக்குப் போய் ஏணியை எடுத்தார். முத்திருளனிடமிருந்து மங்கின படத்தைத் தூக்கிக் கொடுக்கிற ஒரு பூஸ்டர் பெட்டி வாங்கிக்கொண்டு, ராக்கம்மாள் ஏணியைப் பிடிக்க, ஆபீஸ் நாற்காலி கொடுத்த தொப்பையோடு மூன்றாவது தெருக் கம்பத்தில் ஏறினார். பழைய முடிச்சு அப்படியே இருந்தது. அவசரத்தில் முறுக்கியது.

எதிர்வீட்டு வாசலுக்குச் சோணையம்மாள் வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"என்னப்பா, மெயின்லயே கோளாறா?"

"இல்லத்தா. நான்தான். அன்னிக்கு நாடகம் கடைசி நாளுல ஒங்களுக்குப் படம் போச்சே, நான் இந்த வீட்டுக்கு லைன் குடுத்ததுலதான் போச்சு."

தெருவில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். ஏணியைப் பிடித்திருந்த ராக்கம்மாள் தரையைப் பார்த்தாள். சோணையம்மாள் வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டாள்.

"அப்ப நீ பாத்தியா? அந்தச் சன்னல் வழியா?"

"பாத்தேன்த்தா."

"வந்தாளாடா அவ?"

"வந்துட்டாத்தா" என்றார் கருத்தக்கண்ணன் கம்பத்து மேலிருந்து. "மழையில நனைஞ்சுக்கிட்டே வந்தா."